காலையில் கடிக்கும் குழாய்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருடங்களில், பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையோரம் இருந்த ஒரு பட்டறையில் நான் கிளார்க்காக வேலை பார்த்தேன். ராணுவ லாரிகளும் கூடாரத் துணிகளும் ஜெனரேட்டர்களும் அங்கே பழுது பார்க்க வரும். தனியார் பட்டறைதான். ஆனாலும் வாசலில் ஒரு துப்பாக்கிக்காரன் நின்றதால் ஊரில் எல்லோரும் அதை மிலிட்டேரி என்றே சொன்னார்கள். அதன் மேனேஜரை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர், "கோபமே படக்கூடாது" என்கிறார். அவருக்கென்ன, அந்த மேனேஜரை அவர் பார்த்ததில்லை.

என் அப்பா பூந்தமல்லி கடைத்தெருவில் தையல்காரர். எங்களுடையது கிறிஸ்துவக் குடும்பம். பெண் படித்தால் டீச்சராவாள், இல்லாவிட்டால் நர்ஸாவாள் என்பதுதான் சர்ச்சில் எல்லோருடைய எண்ணமும். எனக்குக் கிடைத்ததோ பட்டறையின் கருவி அறை. ஸ்பானர் முதல் வோல்ட் மீட்டர் வரை கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, சாயந்திரம் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்ட வேண்டும். காலையில் கரிவாயு பஸ்ஸில் போவேன். முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் அந்த பஸ், கொஞ்சம் மேடு வந்தாலும் மூச்சு வாங்கி நின்றுவிடும். இறங்கி நடப்போம். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது புடவைத் தலைப்பெல்லாம் கரி.

அலமாரியிலேயே மிகவும் உயர்ந்த பொருள் மெக்கர். கனமான பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, மேலே கண்ணாடிக்குள் ஒரு முள். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள் அல்லவா, அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரம் வெளியே இருக்கும் இரும்புக் கூட்டுக்குக் கசிகிறதா என்று சொல்வதுதான் அதன் வேலை. ஒரு ஒயரைக் கம்பியிலும் இன்னொன்றை இரும்பிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கசிவு இல்லையென்றால் முள் மறுகோடிக்குப் போய் நிற்கும். கம்பியின் மேலுறை கெட்டுக் கசிந்தால் பூஜ்யத்தில் விழும். எப்படிப் பயன்படுத்துவது, எதைச் செய்யக்கூடாது என்றெல்லாம் மூடியின் உள்பக்கத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தது. வேலையில்லாத மத்தியான வேளைகளில் அதைப் படித்துப் படித்து, என் மேசை விசிறியின் ஒயரைக் கழற்றி வைத்து நானே சோதித்துப் பழகியிருந்தேன்.

பழகி என்ன? அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. ராணுவ இன்ஸ்பெக்டர் வரும்போது மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும். அவர் கார் வாசலைத் தாண்டியதும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

"அது ரொம்ப டெலிகேட், மிஸ். நம்ம ஆளுங்க கையில குடுத்தா ஒரே நாள்ல ஒடைச்சிடுவானுங்க" என்பார்.

நான் வாராவாரம் அதன் பித்தளைத் திருகுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கினேன். மனிதர்கள் உயிரோடு இருப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு கருவி, கொலுப்பொம்மை மாதிரி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தது.

பட்டறைக்கு ஒரே ஒரு வயர்மேன். அண்ணனூர்க்காரர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். கட்டிங் பிளேயர், திருப்புளி, தாமே கட்டிக்கொண்ட ஒரு டெஸ்ட் லாம்பு, இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. டெஸ்ட் லாம்பு என்றால் ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து நீளும் இரண்டு ஒயர். இரண்டு முனைகளையும் வைத்தால் கரண்ட் இருக்கும் இடத்தில் பல்பு எரியும். மாதத்துக்கு ஒருமுறையாவது அவர் என் ஜன்னலுக்கு வந்து மெக்கர் கேட்பார். நான் மேனேஜரிடம் போவேன். மேனேஜர் இல்லை என்பார். நான் திரும்பி வந்து இல்லை என்பேன்.

"பொட்டிய தொறந்து காட்டவாவது காட்டும்மா. கண்ணால பாத்துட்டாவது போறேன்" என்று சிரிப்பார் அவர். எனக்குச் சிரிப்பு வராது.

என் ஜன்னலுக்கு நேரெதிரே துணி வெளுக்கும் முற்றம். ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாய், குழாயின் முனையில் ஒரு பெரிய திருகு. அந்தப் பக்கம் கிணற்றடியில் மோட்டார் பம்பு. கிணற்றுக்குள் இறங்குவது ரப்பர் குழாய், மோட்டாரிலிருந்து தொட்டிக்கு வருவது இரும்புக் குழாய். மரக்கட்டைகளின்மேல் அதைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பாரிவாக்கத்திலிருந்து வரும் பெண்கள் கூட்டம் ஒன்று காலையிலிருந்து அங்கே நின்று, சேறும் எண்ணெயும் படிந்த கூடாரத் துணிகளை அடித்துத் துவைக்கும். நெல் அறுக்கவும் நாற்று நடவும் போய்க்கொண்டிருந்தவர்கள். போர் வந்து வயல்களில் பாதியை முகாமுக்கு எடுத்துக்கொண்டதும் இங்கே வந்தார்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பார்கள்.

அவர்களுக்கு ஒரு மேஸ்திரி அக்கா. நாற்பது வயதிருக்கும். குரல் ஆவடி ரயிலுக்குக் கேட்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அவள் நேராக மேனேஜர் அறை வாசலுக்கே போய் நின்றாள்.

"சாமி, அந்தக் கொழா கடிக்கிது."

"என்ன?"

"கொழா கடிக்கிதுங்கறேன். தொட்டா சுருக்குனு தோள்பட்ட வரிக்கும் ஏறுது. காலைல வந்தா கடிக்கிது. மத்தியானம் கடிக்க மாட்டேங்குது."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "காலைல உங்களுக்கு வேலை செய்யச் சோம்பேறித்தனம். அதான் கடிக்குது. மத்தியானம் கூலி நேரம் நெருங்கும், குழாய் சாதுவாயிடும்."

அது சோம்பல் இல்லை என்பது வயர்மேனுக்கு உடனே புரிந்துவிட்டது. ராத்திரி மழை ஈரத்தில் மோட்டாரின் உள்சுற்றில் தண்ணீர் இறங்குகிறது. காலையில் ஓட்டினால் கசிகிறது. ஓடி ஓடிச் சூடேறி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது, கசிவும் குறைந்துவிடுகிறது. அவர் இதைச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். "மெக்கர் வெச்சி ஒருக்கா பாத்துட்டா தெரிஞ்சிடும் சார். காலைலயே பாக்கணும்" என்றார்.

மேனேஜர் அன்று மத்தியானம், வெயில் அடித்த பிறகு, தாமே முற்றத்துக்கு வந்தார். தடித்த ரப்பர் அடி வைத்த ராணுவ பூட்ஸ் போட்டிருந்தார். தண்ணீரில் இறங்கவில்லை. காய்ந்த செங்கல் படியில் நின்று, ஒரு விரலை நீட்டி, குழாயை டொக் டொக் என்று தட்டினார்.

"எங்கே கடிக்குது? எனக்கு ஒண்ணும் இல்லையே!"

கூட வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மேஸ்திரி அக்கா சிரிக்கவில்லை.

"பூட்ஸ கயட்டிட்டு, நாளிக்குக் காலைல எங்க கூட தண்ணில நின்னுகினு தொடு சாமி. அப்பால சொல்லு."

அவர் முகம் சிவந்தது. வாய் நீண்டால் கூட்டத்தையே மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வயர்மேன் என்ன செய்தார் தெரியுமா? பழைய லாரிப் பலகைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து தொட்டி ஓரத்தில் போட்டு, "இதுமேல நில்லுங்க, ஈரக் கையால திருகத் தொடாதீங்க, துணி சுத்தித் திருப்புங்க" என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் அந்தப் பலகைகளை எடுக்கச் சொல்லிவிட்டார் மேனேஜர். முற்றம் அசிங்கமாக இருக்கிறதாம். அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வருகிறாராம்.

அந்தக் கூட்டத்தில் அண்மையில் கல்யாணமாகி வந்த ஒருத்தி இருந்தாள். எல்லோரும் புதுப்பெண் என்றே கூப்பிட்டார்கள். அவள் புருஷன் மாட்டுவண்டி ஓட்டுகிறவன். பேசவே மாட்டாள், ஆனால் மற்றவர்கள் பேசுவதற்கெல்லாம் சிரிப்பாள். மழை விட்ட ஒரு காலையில், நான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு கையால் நனைந்த துணியைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் குழாய்த் திருகைப் பிடித்தாள். பிடித்த கை பிடித்தபடியே நின்றது. உடம்பு முழுவதும் விறைத்து உதறியது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

ஒருத்தி அவளை இழுக்கப் பாய்ந்தாள். மேஸ்திரி அக்கா, பாய்ந்தவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, துணி அடிக்கும் மரக்கட்டையால் புதுப்பெண்ணின் முழங்கைமேல் ஓங்கி அடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. கை விடுபட்டது. அவள் தொட்டிக்கு வெளியே விழுந்தாள். "கரண்ட்ட அணைங்கடா!" என்று அக்கா கத்திய கத்தலில் பட்டறையே நின்றுபோனது. வயர்மேன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது. உள்ளங்கையும் இரண்டு விரல்களும் கருகியிருந்தன. அந்த வாடையைப் பற்றி எழுத மாட்டேன். வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்து வைத்துக் கட்டி, உயிருக்குப் பயமில்லை என்று சொல்லி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு என்று யாராவது சொன்னால், சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன். பிறகு நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது?

மறுநாள் காலையில் அவள் புருஷனும் மாமியாரும் வாசலுக்கு வந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு அவளும் பின்னால் நின்றாள். மேனேஜர் அவர்களை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிகவும் அக்கறையாகப் பேசினார். என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"பொண்ணுக்கு வலிப்பு இருக்கு. காக்கா வலிப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லல போலிருக்கு. வலிப்பு வந்து விழுந்தப்போ, அடுப்புல காச்சின சலவைச் சோடாத் தண்ணி அண்டாவுல கை வச்சுட்டா. இந்த மாதிரி ஆளை நாங்க வேலைக்கு வச்சுக்க முடியாது."

அண்டாவும் இல்லை, அடுப்பும் இல்லை. எவ்வளவு சுலபமாக அதைக் கட்டினார்!

மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, இத்தச் சொல்லாம எங்க தலைல கட்டிட்டாங்களே! எங்க வம்சத்துக்கே..."

"எனக்கு அப்டி ஒண்ணும் இல்லத்தே" என்று அந்தப் பெண் சொன்னாள். அவளுக்குக் குரல் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "கொழாதான் இஸ்துகிச்சி. என்னால உடவே முடியல."

"உதறுனத ஊரே பாத்துச்சாமே!" என்றாள் மாமியார். புருஷன் அம்மாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவர்கள் வெளியே போனதும் நான் மேனேஜர் அறைக்குள் போனேன்.

"சார், அந்தப் பெண்ணுக்கு வலிப்பு கிடையாது. அது உங்களுக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிஸ், கரண்ட் அடிச்சுதுன்னு சொன்னா என்கொயரி வரும். பட்டறையை மூடுவான். எத்தனை பேர் வயித்துல மண்ணு விழும்? வலிப்புன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்ன நஷ்டம்! அதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. வலிப்பு என்று பெயர் வந்த பெண்ணை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? திரும்பிப் பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே கல்யாணத்துக்கு இருக்கும் தங்கைகளை யார் எடுப்பார்கள்? தமிழ் நாட்டில் பிறந்து வளர்ந்த மனிதர், இவருக்கு இது தெரியாதா?

நான் என் அறைக்கு வந்தேன். சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன். மெக்கரை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்றத்துக்கு நடந்தேன். குடம் தூக்கிப் பழகிய இடுப்புதானே. வயர்மேன் கிணற்றடியில் இருந்தார். என்னையும் என் இடுப்பில் இருந்ததையும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வேலை போயிடும்மா."

"போகட்டும் அண்ணே. டெஸ்ட் லாம்ப எடுங்க. அக்கா, அவங்க மூணு பேரையும் போக விடாதீங்க. இங்க கூட்டிட்டு வாங்க."

மேஸ்திரி அக்காவுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலைத் தாண்டப் போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "வா, வந்து கண்ணால பாரு. பாத்துட்டு அப்பால ஒப்பாரி வெய்யி."

நல்ல வேளையாக அது காலை நேரம். ராத்திரி தூறியிருந்தது. வயர்மேன் எல்லோரையும் தொட்டியிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் லாம்பின் இரண்டு முனைகளையும் சுவிட்ச் போர்டில் வைத்துக் காட்டினார். பல்பு எரிந்தது. "பல்பு நல்லாகீது, பாத்துக்கோங்க" என்றார். பிறகு பம்பைப் போட்டார். காய்ந்த பலகை ஒன்றின்மேல் ஏறி நின்று, ஒரு இரும்புக் கம்பியை ஈர மண்ணில் அடித்து, அதில் ஒரு முனையைக் கட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மறு முனையைக் குழாய்த் திருகில் வைத்தார்.

பல்பு எரிந்தது. வெறும் இரும்புக் குழாய், வெறும் மண். நடுவில் பட்டப்பகலில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மாமியார் "ஐயோ" என்று இரண்டடி பின்னால் போனாள். மகன் என்ன நினைத்தானோ, நிஜமா என்று பார்ப்பதுபோல் குழாய்ப் பக்கம் கையை நீட்டினான். மேஸ்திரி அக்கா அந்தக் கையில் ஒரு அறை வைத்தாள்.

"உம் பொண்டாட்டிக்கு வந்த வலிப்பு உனக்கும் வேணுமா?"

அதற்குள் மேனேஜர் ஓடி வந்துவிட்டார். "யாரு பம்ப்ப தொடச் சொன்னது? மிஸ், அந்த மெக்கரைக் கீழ வைங்க!"

"வைக்கிறேன் சார்" என்று சொல்லி, மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வயர்மேன் பம்பை நிறுத்தி, அதற்கு வரும் மெயினை மட்டும் அணைத்து, பியூஸ் கட்டையை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் மோட்டாரில் கை வைத்திருக்கும்போது வேறு யாரும் போட்டுவிடக்கூடாதல்லவா. கரண்ட் இல்லை என்று லாம்பை வைத்துப் பார்த்தார். லாம்பே கெட்டுப்போய் எரியாமல் இருக்கிறதோ என்று, மறுபடியும் பட்டறைப் போர்டில் வைத்து அது எரிவதையும் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மோட்டாருக்கு வரும் ஒயர்களைக் கழற்றினார். ஒரு ஒயரை உள்சுற்றின் முனையில் மாட்டினேன். இன்னொன்றை வண்ணம் சுரண்டிய இரும்புக் கூட்டில் மாட்டினேன். கையை எடுத்துக்கொண்டு, மூடியில் எழுதியிருந்தபடி ஒரே சீராகக் கைப்பிடியைச் சுற்றினேன்.

முள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார்?" என்றேன்.

மேனேஜருக்கு அந்த முள் என்ன சொல்கிறது என்று நன்றாகத் தெரியும். இன்ஜினீயரிங் படித்தவர். தெரியாமல் இதைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. "மோட்டார் லீக் ஆனாலும் எர்த் இருக்கே. எல்லா கரண்டும் பூமிக்குப் போயிடும். அதோ எர்த் ஒயர்!" என்று கிணற்றடியைக் காட்டினார். உண்மைதான். மோட்டாரிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்று இறங்கி, அழகாகக் கட்டிய ஒரு சின்னச் செங்கல் குழிக்குள் போய் மண்ணில் மறைந்தது. எர்த் என்று சிவப்பு எழுத்தில் பலகைகூட இருந்தது.

வயர்மேன் குனிந்து அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தார். முள்ளங்கி வருவதுபோல் வந்துவிட்டது. அடியில் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் தகடும் இல்லை, குழாயும் இல்லை. பட்டறைக்கு ஒயர் இழுத்த கான்ட்ராக்டரின் ஆள் ஒரு சாண் கம்பியை மண்ணுக்குள் செருகி, மேலே செங்கல் அடுக்கிப் பலகை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவர் கையில் அந்த முனை ஆடிக்கொண்டிருந்தது.

மேனேஜர்தான் முதலில் பேசினார். புருஷன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கரண்ட் கொஞ்சம் இருந்திருக்கலாம்பா. ஆனா வலிப்பும் இருக்கலாம் இல்லையா? எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டு" என்றார்.

பல்பையும் முள்ளையும் பிடுங்கிய கம்பியையும் பார்த்த பிறகு!

அந்த வண்டிக்காரன் பெண்டாட்டியிடம் போனான். அவளுடைய கட்டுப்போட்ட கையை ஒரு பறவைக்குஞ்சைத் தொடுவதுபோல் தொட்டான். "வலிக்கிதா?" என்றான். அவள் அப்போதுதான் அழுதாள். "எம்மா, வண்டில ஏறு. ஊட்டுக்குப் போலாம். அவளும்தான் வருவா" என்று தாயைப் பார்த்துச் சொன்னான்.

அன்றைக்கு மேஸ்திரி அக்காவும் அவளுடைய பெண்களும் மோட்டாரைச் சரிசெய்யும் வரை துவைப்பதில்லை என்று முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். துணிகள் மலையாகக் குவிந்தன. கூட்டத்தையே மாற்றுவேன் என்று மேனேஜர் கத்தினார். மாற்ற ஆள் வரவில்லை. குழாய் கடித்த கதை அதற்குள் திருவேற்காடு வரை போய்விட்டது. லாரிகள் வந்து வாசலில் நிற்க ஆரம்பித்ததும்தான் அவர் இறங்கி வந்தார். மோட்டாரைக் கழற்றி உள்சுற்றை மாற்றினார்கள். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, உண்மையான எர்த் குழாய் இறக்கினார்கள். மற்ற ஷெட்டுகளில் இருந்த எர்த் கம்பிகளையும் வயர்மேன் இழுத்துப் பார்த்தார். பாதி கையோடு வந்தன.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். மெக்கர் மேசைமேல் இருந்தது. மேனேஜர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தம்முடைய உத்தரவின் பேரில் பட்டறை முழுவதும் சோதனை நடத்தி எர்த் எல்லாம் புதுப்பித்ததாகச் சொன்னார். அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் தட்டில் டீ கொண்டுபோய் வைத்தேன். அந்த டீயை எங்கே ஊற்றத் தோன்றியது என்பதை எழுதினால் என் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த மாதம் முடிந்ததும் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பூட்டிய கருவியை அனுமதியில்லாமல் எடுத்தது குற்றம். வயர்மேனை நிறுத்தவில்லை. யுத்த நேரத்தில் வேறு வயர்மேன் கிடைக்க மாட்டான். மெக்கர் அவர் பொறுப்புக்கே வந்தது. அதைச் சொல்ல அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தலை குனிந்துகொண்டார். அந்த ஒரு செய்தியில் மட்டும் எனக்கு முழு மகிழ்ச்சி. கான்ட்ராக்டருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். முகாம் பக்கம் புதுக் கட்டிடங்களுக்கு அவன்தான் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறான் என்றார்.

யுத்தம் முடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பூந்தமல்லி சந்தையில் ஒருநாள் யாரோ பின்னாலிருந்து "கிளார்க்கம்மா" என்றார்கள். புதுப்பெண்தான். இடுப்பில் குழந்தை. இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டியபடியே இருந்தன. அந்தக் கையாலேயே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாகீறியா?" என்றேன்.

"நல்லாகீறேன்க்கா. அவரு நல்லா வெச்சிகினுகீறாரு. எங்க அத்ததான்..." என்று நிறுத்தினாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "இன்னும் கெணத்தாண்ட தனியா உடாது. அடுப்பாண்ட உடாது. புள்ளைக்கு ஜுரம் வந்து உதறுச்சி. பாத்தியா, அம்மா வலிப்பு புள்ளைக்கு வந்துடுச்சின்னு தெருவே கூடிடுச்சி."

"பல்பு எரிஞ்சத அவங்க பார்த்தாங்களே!"

"பாத்துச்சி. இல்லன்னு சொல்ல மாட்டேங்குது."

எனக்கு வந்த கோபத்தில் வாங்கின காய்கறியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், என் கணவரையும் கூட்டிக்கொண்டு பாரிவாக்கத்துக்கு நடந்தேன். புதுப்பெண்ணின் மாமியார் என்னை அடையாளம் கண்டுகொண்டு பாய் விரித்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். நான் மோரைக் குடிக்காமலே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். ஈரம் எப்படி இறங்கும், கரண்ட் எப்படிப் பிடித்தால் கை விடாது, எர்த் கம்பி எப்படிப் பொய்யாக நட்டிருந்தது, மேனேஜர் என்னிடம் என்ன சொன்னார், எல்லாம். மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அந்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். கெட்டவள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"நீ சொல்றது எல்லாம் சரிதாம்மா. நானும் கண்ணால பாத்தேன், இல்லன்னு சொல்லல" என்றாள். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, மருமகளுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"ஆனா நாற்காலில உக்காந்துகினு, அவ்ளோ படிச்ச பெரிய மனுசன், வேல மெனக்கெட்டு எங்களக் கூப்ட்டு உட்டு, பொய்யா சொல்லுவான்?"